துனிஸ் நகரில் மூன்று நாள்: முழுமையான வழிகாட்டி

துனிசியாவின் தலைநகரான துனிஸுக்குப் போகிறவர்களில் பலர், இறங்கிய மறுநாள் காலையிலேயே டாக்சி பிடித்துக் கார்த்தேஜுக்கு ஓடுகிறார்கள். படைத்தலைவன் ஹன்னிபாலின் ஊர், ரோமாபுரியையே நடுங்கவைத்த ஊர் என்று பள்ளிக்கூடத்தில் படித்த நினைவு. போய்ப் பார்த்தால் முழங்கால் உயரச் சுவர்கள், இடையில் காய்ந்த புல், சுற்றிலும் வசதியானவர்களின் பங்களாக்கள். "இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று அரை மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள்.

பார்க்கும் வரிசைதான் தப்பு. கார்த்தேஜ் இடிந்த பிறகு அதன் தூண்களை எடுத்துவந்து துனிஸின் பெரிய பள்ளிவாசலில் நட்டார்கள். அதன் வீட்டுத் தரைகளைப் பெயர்த்துப் பார்தோ அருங்காட்சியகச் சுவர்களில் பதித்தார்கள். ஆக, கார்த்தேஜின் பெரும்பகுதி இன்று கார்த்தேஜில் இல்லை. முதல் நாள் பழைய நகரம், இரண்டாம் நாள் பார்தோ, மூன்றாம் நாள் கார்த்தேஜ் என்று போனால், அந்த முழங்கால் உயரச் சுவர்களுக்கு மேல் மீதி வீட்டை நாமே மனதில் எழுப்பிக்கொள்ளலாம். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

கிளம்பும் முன்

மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரையும் நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் வெயில் நம் ஊர் வெயிலுக்குக் குறைந்ததில்லை. கார்த்தேஜில் ஒதுங்க நிழலும் கிடையாது. டிசம்பர், ஜனவரியில் மழை வரும், குளிர் கொஞ்சம் உறைக்கும், ஆனால் கூட்டம் இருக்காது. ரமலான் மாதத்தில் பகலில் பெரும்பாலான சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும். நோன்பு திறந்த பிறகு பழைய நகரம் நள்ளிரவு தாண்டியும் விழித்திருக்கும். அந்த இரவுகளைப் பார்ப்பதற்காகவே போகலாம் என்பேன். அப்படிப் போனால் பகல் திட்டத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் என்பதைவிட எந்தக் கிழமை என்பது முக்கியம். ஞாயிற்றுக்கிழமை பழைய நகரத்துக் கடைகளில் பெரும்பாலானவை மூடியிருக்கும். திங்கட்கிழமை பார்தோ விடுமுறை. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரம். செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாள் அமைந்தால் எதுவும் தப்பாது. அது முடியாவிட்டால் வியாழன், வெள்ளி, சனி. இதில் வெள்ளிக்கிழமை பார்தோவுக்குப் போய்விடலாம்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசா விதியை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். புது டில்லியில் உள்ள துனிசியத் தூதரகத்தில் கேட்கலாம். பயணத் தேதிக்குப் பல வாரங்கள் முன்பே தொடங்கிவிடுங்கள். பிரிட்டன், பிரான்ஸ், கனடா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சுற்றுலாவுக்கு விசா இல்லாமல் போகலாம். யாராக இருந்தாலும், தங்குமிட முன்பதிவையும் திரும்பும் டிக்கெட்டையும் காகிதத்தில் அச்செடுத்துக் கையில் வைத்திருப்பது நல்லது. குடியேற்ற வரிசையில் கேட்பார்கள். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. துபாய், தோஹா, இஸ்தான்புல் வழியாக மாறிப் போக வேண்டும். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குப் பாரிஸிலிருந்தோ ரோமிலிருந்தோ ஒரு குட்டித் தூக்கம் போடும் நேரம்தான்.

பணம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகப் போகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். துனிசிய தினாரை நாட்டுக்குள் கொண்டுவரவோ வெளியே கொண்டுபோகவோ சட்டத்தில் இடமில்லை. அதனால் யூரோவோ டாலரோ கொண்டுபோய் அங்கே வங்கியில் மாற்ற வேண்டும், அல்லது ஏ.டி.எம்.மில் எடுக்க வேண்டும். மாற்றிய ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். மிச்சத் தினாரைத் திரும்ப யூரோவாக்க அது தேவைப்படும். அடுத்தது, ஒரு தினாருக்கு ஆயிரம் மில்லிம். நமக்கு நூறு பைசா கணக்குதான் பழக்கம். கடையில் 2,500 என்று எழுதியிருந்தால் அது இரண்டரை தினார். கடைக்காரர் வாயால் "ஆயிரம்" என்று சொன்னால் அது ஒரே ஒரு தினார். இது தெரியாமல் விலைப்பலகையைப் பார்த்து மிரண்டு போகிறவர்கள் உண்டு. பெரிய ஓட்டல்களில் கார்டு செல்லும். சந்தையிலும் டாக்சியிலும் ரயிலிலும் சில்லறைதான்.

விமான நிலையத்திலிருந்து

துனிஸ்-கார்த்தேஜ் விமான நிலையம் நகர மையத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் அளவுதான். வெளியே வருவதற்குள் சிம் கார்டு வாங்கிவிடுங்கள். ஊரீடு, ஆரஞ்ச், துனிஸி டெலிகாம் மூன்றுக்கும் அங்கேயே கவுன்டர் இருக்கிறது.

டாக்சி மஞ்சள் நிறத்தில் இருக்கும், மீட்டர் கட்டாயம். வருகை வாசலில் உங்கள் பெட்டியைப் பிடித்து இழுக்கும் ஆட்கள் சொல்லும் மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு மாடி ஏறி, புறப்பாட்டு வாசலுக்குப் போங்கள். அங்கே பயணிகளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் டாக்சிகள் நிற்கும். ஏறும்போதே "கோம்ப்தர்" என்று மீட்டரைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் மீட்டரில் பாதி அளவு கூடுதலாக ஏறும். அது முறையான கட்டணம், சண்டை போட வேண்டாம்.

தங்குவதற்கு இரண்டு வழி. புதிய நகரத்தில், ஹபீப் பூர்கீபா அவென்யூவை ஒட்டிய ஓட்டல்கள்: போக்குவரத்து வசதி, இரவில் வெளிச்சம், ஆனால் எந்த ஊரிலும் கிடைக்கும் அறை. இல்லையென்றால் மெதினா என்கிற பழைய நகரத்துக்குள், விருந்தினர் இல்லமாக மாற்றிய பழைய முற்றத்து வீடுகள். வெளியே இருந்து பார்த்தால் ஒரு கதவும் வெறும் சுவரும்தான். உள்ளே போனால் வானம் தெரியும் முற்றம், அதைச் சுற்றி அறைகள், இடுப்புயரத்துக்குப் பூ வேலைப்பாடு செய்த ஓடுகள். முற்றத்து வீட்டில் வளர்ந்த யாருக்கும் அந்த அமைப்பு உடனே பிடிபடும். மூன்று நாள் தங்குகிறவர்களுக்கு நான் மெதினாவைத்தான் சொல்வேன். ஒரே ஒரு நிபந்தனை: முதல் முறை இரவில் போய்ச் சேர்வதாக இருந்தால், வீட்டுக்காரரை மெதினா வாசலுக்கே வந்து அழைத்துப்போகச் சொல்லுங்கள். அந்தச் சந்துகளில் கார் போகாது, இருட்டில் கைப்பேசி வரைபடமும் திணறும்.

முதல் நாள்: மெதினா

காலை ஒன்பது மணிக்குப் பாப் எல் பஹர் வாசலிலிருந்து தொடங்குங்கள். கடல் வாசல் என்று பெயர். அந்தக் காலத்தில் இங்கிருந்து ஏரிக்கரை வரை வெட்டவெளி. இன்று சுற்றுச்சுவர் போய், தனியாக ஒரு வளைவு மட்டும் சதுக்கத்தின் நடுவே நிற்கிறது. அதைத் தாண்டியதும் இரண்டு தெருக்கள் பிரியும். இடப்பக்கம் ஜைத்தூனா பள்ளிவாசல் தெரு, வலப்பக்கம் கஸ்பா தெரு. முதல் தெருவில் ஏறி இரண்டாவது தெருவில் இறங்குவது வசதி.

ஏறி, இறங்கி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மெதினா லேசான சரிவில் இருக்கிறது. மேற்கே கஸ்பா என்கிற பழைய கோட்டைப் பகுதி உயரம், கிழக்கே கடல் வாசல் தாழ்வு. வழி தவறினால் கால் எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கம் நடந்தால் போதும், கடல் வாசல் பக்கம் வந்துவிடுவீர்கள். இன்னொரு அடையாளம் தொழில்கள். பள்ளிவாசலை ஒட்டி அத்தர், புத்தகம், நல்ல துணி போன்ற சுத்தமான வியாபாரங்கள். சத்தமும் நாற்றமும் உள்ள சாயம், தோல், கொல்லு வேலை எல்லாம் விளிம்பில். எந்தச் சரக்கு கண்ணில் படுகிறது என்பதை வைத்தே நடுவில் இருக்கிறோமா ஓரத்தில் இருக்கிறோமா என்று சொல்லிவிடலாம். கடைகள் பல மாறிவிட்டாலும் இந்த ஒழுங்கு இன்னும் மிச்சமிருக்கிறது. 1979-இல் யுனெஸ்கோ இந்த மெதினாவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கார்த்தேஜும் அதே ஆண்டு சேர்ந்தது.

ஜைத்தூனா தெருவின் கீழ்ப்பாதி முழுக்கச் சுற்றுலாக் கடைகள். நிற்காமல் போங்கள். மேலே ஏற ஏற, படிக்கட்டுகளின் மேல் நீண்ட தூண் வரிசையோடு பள்ளிவாசல் எழும். 698-இல் அரபுப் படை கார்த்தேஜைப் பிடித்து அழித்த பிறகு, கடலிலிருந்து உள்ளே தள்ளியிருந்த துனிஸ்தான் புதிய ஊராக வளர்ந்தது. ஜைத்தூனா அந்த ஊரின் நெஞ்சு. இன்றைய கட்டடத்தின் அடிப்படை 9-ஆம் நூற்றாண்டில் அக்லபியர் என்ற அரச மரபின் ஆட்சியில் எழுந்தது. தொழுகைக் கூடத்தில் நிற்கும் நூற்றுக்கும் மேற்பட்ட தூண்கள் பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்து, முக்கியமாகக் கார்த்தேஜிலிருந்து வந்தவை. அதனால்தான் தூண்களின் தலைப்பு வேலைப்பாடு ஒன்றுபோல் ஒன்று இருக்காது. முஸ்லிம் அல்லாதவர்கள் கூடத்துக்குள் போக முடியாது. வெள்ளி தவிர மற்ற நாட்களில் காலையில் முற்றத்தின் ஒரு பகுதிவரை அனுமதிப்பது வழக்கம். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும், பெண்கள் ஒரு துப்பட்டா வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூண்களை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், மூன்றாம் நாள் வேலைக்கு ஆகும்.

பள்ளிவாசலின் வடக்குச் சுவரை ஒட்டி அத்தர் கடைத்தெரு, சூக் எல் அத்தாரீன். மல்லிகை, ரோஜா, ஆரஞ்சுப் பூ நீர் எல்லாம் இங்கே. ஆரஞ்சுப் பூ நீரைக் காபியில் சில சொட்டு விட்டுக் குடிப்பது துனிசிய வழக்கம். சின்ன புட்டி ஒன்று வாங்கலாம்.

அங்கிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் ஷெஷியா கடைத்தெரு. என்னைக் கேட்டால் மெதினாவில் ஒரே ஒரு இடத்தில்தான் உட்கார நேரம் இருக்கிறது என்றால் இங்கே உட்காருங்கள். ஷெஷியா என்பது துனிசியர்கள் அணியும் சிவப்புக் கம்பளித் தொப்பி. 1609-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட அந்தலூசிய முஸ்லிம்கள் இங்கே வந்து இந்தத் தொழிலைப் பெரிதாக்கினார்கள். ஒரு தொப்பி பல ஊர் சுற்றும். பெண்கள் வெள்ளைக் கம்பளியில் தளர்வாகப் பின்னுவார்கள்; அப்போது அது முகத்தையே மூடும் அளவுக்குப் பெரிதாக இருக்கும். அதை வெந்நீரும் சோப்பும் போட்டு அடித்து அடித்துச் சுருக்கி, சாயம் ஏற்றி, திரும்பவும் இந்தக் கடைத்தெருவுக்கே கொண்டுவருவார்கள். கடை வாசலில் ஒருவர் மரக் குச்சியில் செருகிய முட்செடிக் காயால் அதை வறட்டு வறட்டென்று சுரண்டிக்கொண்டிருப்பார். கம்பளியின் நூல் தடம் மறைந்து, பட்டுத் துணி மாதிரி மயிர் எழும்பும் வரை அந்தச் சுரண்டல் நடக்கும். வாங்காவிட்டாலும் பார்ப்பதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. படம் எடுக்கும் முன் கேளுங்கள். அந்தத் தெருவுக்குள்ளேயே பழைய காபிக் கடையும் இருக்கிறது.

பக்கத்தில் சூக் எல் பெர்கா. இன்று நகைக்கடைகள் சூழ்ந்த ஒரு சிறு சதுக்கம். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் இதே சதுக்கத்தில் மனிதர்களை நிறுத்தி ஏலம் விட்டார்கள். 1846-இல் அகமது பே அடிமை முறையை ஒழித்தார் (பே என்பது அன்று நாட்டை ஆண்டவர்களின் பட்டம்). பிரான்ஸுக்கு இரண்டு ஆண்டு முன்பாக, அமெரிக்காவுக்குப் பல ஆண்டுகள் முன்பாக. அந்த ஒழிப்பு ஆவணங்கள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இருக்கின்றன. நகை மினுக்கத்தில் இந்த இடத்தைக் கவனிக்காமல் தாண்டிவிடுவது எளிது. ஒரு நிமிடம் நில்லுங்கள்.

சாப்பிட்ட பிறகு மதியத்தைத் தெற்குப் பக்கம் செலவிடுங்கள். துர்பத் எல் பே தெருவும் அதைச் சுற்றிய வீதிகளும் அமைதியானவை. வரலாற்றைச் சமூக அறிவியலாக எழுதிய இப்னு கல்தூன் 1332-இல் இந்த ஊரில்தான் பிறந்தார். அவருடையது என்று சொல்லும் வீடு அந்தத் தெருவில் இருக்கிறது. இங்கே கதவுகளைப் பாருங்கள். கறுப்பு ஆணிகளால் மீன், கை, நட்சத்திரம் என்று கோலம் போட்டிருப்பார்கள். ஐந்து மணிக்கு மேல் கடைகள் மூடத் தொடங்கும், மெதினா சட்டென்று காலியாகும். அதற்கு முன் கஸ்பா தெரு வழியாக இறங்கிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. "உங்கள் ஓட்டலில்தான் வேலை செய்கிறேன், என்னை ஞாபகம் இல்லையா?" என்று ஒருவர் வருவார். "இன்று மட்டும் கம்பளக் கண்காட்சி", "மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் ஊரே தெரியும்" என்பார். மாடி உண்மையிலேயே அழகாக இருக்கும், ஆனால் வழி கம்பளக் கடைக்குள் போகும். சிரித்துக்கொண்டே "லா, ஐஷக்" என்று சொல்லிவிட்டு நடங்கள். வேண்டாம், நன்றி. ஐஷக் என்ற அந்த ஒரு சொல்லைப் பயன்படுத்தினாலே முகங்கள் மலர்வதைப் பார்ப்பீர்கள். வணக்கத்துக்கு "அஸ்லாமா", விடைபெற "பிஸ்லாமா". மற்றபடி பிரெஞ்சு ஓரளவு தெரிந்தால் எல்லா இடத்திலும் சமாளிக்கலாம்.

இரண்டாம் நாள்: பார்தோ

காலை எட்டு மணிக்குள் மத்தியச் சந்தைக்கு ஒரு நடை போய்வாருங்கள். புதிய நகரத்தில், சார்ல் த கோல் தெருவில் இருக்கிறது. ஒரு பக்கம் மீன், ஒரு பக்கம் மலைமலையாக ஆலிவ், நடுவில் ஹரீஸா என்னும் மிளகாய் விழுது. பின்பு டாக்சியிலோ, மெட்ரோ லெஜே என்னும் டிராமின் 4-ஆம் தடத்திலோ பார்தோ போகலாம்.

பேக்கள் ஆண்ட பழைய அரண்மனையில் 1888-இல் திறந்த அருங்காட்சியகம் இது. பக்கத்திலேயே நாடாளுமன்றம், ஆகவே காவல் கெடுபிடி உண்டு. பெரிய பைகளைக் கொண்டுபோகாதீர்கள். 2015 மார்ச் 18 அன்று இங்கே நடந்த தாக்குதலில் பல நாட்டுச் சுற்றுலாப் பயணிகள் உயிரிழந்தார்கள். அவர்கள் பெயர்கள் நுழைவுப் பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 2021-இல் அரசியல் காரணங்களால் மூடிய அருங்காட்சியகம் 2023 செப்டம்பரில் திரும்பத் திறந்தது.

சின்னச் சின்ன நிறக் கற்களைப் பதித்துத் தரையில் செய்த ஓவியம்தான் மொசைக்; உலகத்திலேயே மிகப் பெரிய ரோமானிய மொசைக் தொகுப்புகளில் ஒன்று இங்கே இருக்கிறது. எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் ஒரு மணி நேரத்தில் கண் களைத்துவிடும். நான்கைந்தைத் தேர்ந்துகொண்டு அவற்றின் முன் நிற்பது மேல்.

முதலில் ஜூலியஸ் பிரபுவின் மொசைக். கார்த்தேஜில் கிடைத்தது. நடுவில் கோபுரங்கள் வைத்த மாளிகை, அதைச் சுற்றி நான்கு பருவங்களின் பண்ணை வேலை. ஒரு மூலையில் ஆட்கள் ஆலிவ் மரத்தைக் கம்பால் அடித்துக் காய் உதிர்க்கிறார்கள். இன்னொரு பக்கம் எஜமானி தூணில் சாய்ந்து நிற்க, பணிப்பெண் நகைப்பெட்டியை நீட்டுகிறாள். எஜமானுக்கு யாரோ ஒரு கடிதச் சுருளைக் கொடுக்கிறார், அதில் அவர் பெயர் எழுதியிருக்கிறது. யார் உழைத்தார்கள், யார் உட்கார்ந்து வாங்கிக்கொண்டார்கள் என்று ஒரே தரையில் எழுதி வைத்திருக்கிறது அந்தக் காலம். நெருங்கிப் போய்ப் பாருங்கள்: ஒரு முகத்துக்குள் எத்தனை நிறக் கற்கள், கன்னத்தின் நிழலுக்கு மட்டும் எத்தனை பழுப்பு.

அடுத்தது சூஸ் நகரில் கிடைத்த வெர்ஜில் மொசைக். ரோமானியக் கவிஞரான அவர் மடியில் சுருளோடு நடுவில் உட்கார்ந்திருக்க, இருபுறமும் கலைத் தேவதைகள் இருவர். அந்தச் சுருளில் தெரியும் வரி அவருடைய ஈனிட் காவியத்தின் தொடக்கப் பகுதி. கார்த்தேஜைக் கட்டிய டைடோ அரசியின் காதலையும் சாவையும் சொல்லும் காவியம் அது. அவள் மண்ணிலேயே, அவளை அழவைத்த கவிஞரைத் தரையில் பதித்து அழகு பார்த்திருக்கிறார்கள். மூன்றாவது, துக்கா நகரத்தில் கிடைத்த, கிரேக்கக் காவிய வீரன் யுலிசீஸின் மொசைக்: பாய்மரத்தில் தன்னைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், கரையில் பாட்டால் மாலுமிகளை மயக்கும் சைரன்கள், பறவைக் கால்களோடு. அப்புறம், மஹ்தியா கடலில் 1907-இல் கடற்பஞ்சு எடுக்க மூழ்கியவர்கள் கண்டுபிடித்த கப்பலின் வெண்கலச் சிலைகள். அந்த அறையைத் தவறவிட வேண்டாம்.

மதியம் ஹபீப் பூர்கீபா அவென்யூ. நடுவே சீராகக் கத்தரித்துவிட்ட மரங்களின் நிழலில் நடைபாதை, இருபுறமும் பிரெஞ்சு ஆட்சிக் காலக் கட்டடங்கள். தேவாலயத்துக்கு எதிரே இப்னு கல்தூன் சிலை, கொஞ்சம் தள்ளி 1902-இல் கட்டிய வெள்ளை நகராட்சி அரங்கம். 2011 ஜனவரி 14 அன்று மக்கள் திரண்டு, இருபத்து மூன்று ஆண்டு ஆண்ட அதிபர் பென் அலியை நாட்டைவிட்டு ஓடவைத்த தெரு இது. உள்துறை அமைச்சகமும் இதே தெருவில்தான். அந்தக் கட்டடத்தையும் காவலர்களையும் படம் எடுக்காதீர்கள்.

மூன்றாம் நாள்: கார்த்தேஜும் சிடி பூ சயீதும்

அவென்யூவின் கிழக்குக் கோடியில் துனிஸ் மரீன் நிலையம். அங்கிருந்து டி.ஜி.எம். ரயில், ஏரிக்கு நடுவே போட்ட கரை மேல் ஓடிக் கடலோரம் போகிறது. 1872-இல் தொடங்கிய தடம். பழுது வேலை நடக்கும் நாட்களில் பஸ் விடுவார்கள், காலையில் விடுதியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கதவை மூடாமலேயே ஓடும் பெட்டிகள் உண்டு, கைப்பேசியை வாசலருகே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

கார்த்தேஜ் என்ற பெயரில் வரிசையாகப் பல நிலையங்கள் வரும். கார்த்தேஜ் சலாம்போவில் இறங்கி, கார்த்தேஜ் ஹன்னிபால் பக்கம் நடந்து போவதுதான் நான் சொல்லும் வழி. ஒரே டிக்கெட்டில் பல இடங்கள் பார்க்கலாம், அன்று முழுக்கச் செல்லும். பத்திரமாக வைத்திருங்கள், ஒவ்வொரு வாசலிலும் கேட்பார்கள்.

சலாம்போவில் முதலில் தோஃபெத். மரநிழலில் நூற்றுக்கணக்கான நடுகற்கள், பலவற்றில் முக்கோணமும் வட்டமும் சேர்ந்த தானித் தேவியின் குறி. இங்கே தோண்டிய தாழிகளில் பச்சிளம் குழந்தைகளின் எரிந்த எலும்புகள் கிடைத்தன. பலி கொடுத்தார்களா, இறந்து பிறந்தவர்களை அடக்கம் செய்தார்களா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஐந்து நிமிட நடையில் பூனிக் துறைமுகம், அதாவது ரோமானியருக்கு முந்தைய கார்த்தேஜியர்களின் துறைமுகம். இரண்டு அமைதியான குளங்கள், ஒன்றின் நடுவே வட்டத் தீவு. இந்தக் குளத்தைச் சுற்றி 220 போர்க்கப்பல் நிற்க இடமிருந்தது என்று பண்டைய வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார். இன்று சின்ன மீன்பிடிப் படகுகள் மிதக்கின்றன.

அடுத்து பிர்சா குன்று ஏற வேண்டும். மூன்று ஆண்டு முற்றுகைக்குப் பின் கி.மு. 146-இல் கார்த்தேஜ் விழுந்தபோது கடைசிச் சண்டை இங்கேதான் நடந்தது. ரோமானியர்கள் நிலத்தில் உப்பு விதைத்தார்கள் என்ற கதையை வழிகாட்டிகள் இன்னும் சொல்வார்கள்; அதற்குப் பழைய நூல் எதிலும் ஆதாரம் கிடையாது. நடந்தது வேறு. ஒரு நூற்றாண்டு கழித்து ரோமானியர்கள் தங்கள் ஊரைக் கட்ட வந்தபோது, குன்றின் தலையைச் சீவி, அந்த மண்ணைச் சரிவில் கொட்டினார்கள். சரிவில் இருந்த கார்த்தேஜியர் வீடுகள் அந்த மண்ணுக்கடியில் புதைந்ததால்தான் பிழைத்தன. ஹன்னிபால் குடியிருப்பு என்று இப்போது அழைக்கும் தெருவில், வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டியும் தரையில் பதித்த சில்லுகளும் இன்னும் இருக்கின்றன. குன்றின் மேலுள்ள அருங்காட்சியகம் பழுது வேலைக்காக நெடுங்காலம் மூடிக் கிடந்தது. திறந்திருக்கிறதா என்று டிக்கெட் கவுன்டரில் கேளுங்கள். மூடியிருந்தாலும் மேலிருந்து தெரியும் வளைகுடாவுக்காக ஏறலாம்.

இறங்கிக் கடலோரம் போனால் அந்தோனைன் குளியல் மண்டபம். 2-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், ரோமப் பேரரசின் மிகப் பெரிய குளியல் மண்டபங்களில் ஒன்று. இங்கே ஒன்றைத் தெரிந்துகொண்டு நுழைய வேண்டும்: நீங்கள் நடக்கும் இந்தப் பிரம்மாண்டம் அடித்தளம் மட்டுமே. விறகு எரித்த ஆட்களும் அடிமைகளும் வேலை செய்த நிலவறை. குளித்தவர்கள் உங்கள் தலைக்கு மேல் ஒரு மாடி உயரத்தில் இருந்தார்கள். அந்த மாடி போய்விட்டது. உயரத்தை உணர்த்துவதற்காக ஒரே ஒரு தூணை நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள், பதினைந்து மீட்டருக்குக் குறையாது. அதன் அடியில் நின்று ஜைத்தூனாவின் தூண் வரிசையையும், பார்தோவின் தரைகளையும் இங்கே திரும்பக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். தண்ணீர் வந்தது எங்கிருந்து? தெற்கே ஸக்வான் மலையிலிருந்து, நூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட கால்வாயில். பக்கத்துச் சுவருக்கு அப்பால் குடியரசுத் தலைவர் மாளிகை. அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினால் காவலர்கள் வந்துவிடுவார்கள்.

இடிபாடுகளில் "ரோமானியக் காசு" என்று கைக்குள் மறைத்துக் காட்டுவார்கள். பெரும்பாலும் போலி, அசல் என்றால் நாட்டைவிட்டு எடுத்துப்போவது குற்றம்.

மூன்று மணிக்குத் திரும்ப ரயிலேறி சிடி பூ சயீத். வெள்ளைச் சுவர், நீலக் கதவு என்று நீங்கள் படங்களில் பார்த்த ஊர் இதுதான். இங்கே குடியேறிய ஓவியரும் அரபு இசை ஆய்வாளருமான ரொடோல்ஃப் டெர்லாஞ்சே முயற்சியால் 1915-இல் இந்த ஊரின் தோற்றத்தைக் காக்க ஆணை வந்தது. அவர் கட்டிய எந்நஜ்மா எஸ்ஸஹ்ரா மாளிகை இன்று அரபு, மத்தியதரைக் கடல் இசை மையம். திறந்திருந்தால் அந்த இசைக்கருவிகளுக்காகவே போங்கள். முக்கியத் தெருவில் கூட்டம் நெரியும். பக்கச் சந்துகளில் திரும்பினால் அரை நிமிடத்தில் ஆளரவம் இருக்காது. பம்பலூனி என்ற வளைய பணியாரத்தை எண்ணெயிலிருந்து எடுத்துச் சர்க்கரையில் புரட்டித் தருவார்கள், நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். கடல் பார்த்த கடையில் பைன் பருப்பு மிதக்கும் புதினா டீ.

சாப்பாடு

துனிசியச் சாப்பாடு காரம். நமக்கு அது பெரிய ஆறுதல். காய்ந்த மிளகாய், பூண்டு, சீரகம், ஓமத்துக்கு உறவான கரவே விதை, ஆலிவ் எண்ணெய் சேர்த்து அரைத்த ஹரீஸா எல்லா மேஜையிலும் வரும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஊரில் சூரை மீனைத் தனி அசைவமாகவே நினைப்பதில்லை, அலங்காரம் போல எதன் மேலும் தூவுவார்கள். சுட்ட மிளகாய், தக்காளியைக் கொத்திச் செய்யும் மெஷூவியா சாலட் மேலும் அது இருக்கும். "சான் தோன், சான் வியாந்த்" என்று சொல்லிவிடுங்கள்: சூரை வேண்டாம், இறைச்சி வேண்டாம். குஸ்குஸ் காய்கறியோடு கேட்டாலும் குழம்பு இறைச்சியில் வெந்ததாக இருக்கலாம்.

இதற்கெல்லாம் நல்ல விடை லப்லாபி. தொழிலாளர்கள் காலையில் சாப்பிடும் கொண்டைக்கடலைக் கிண்ணம். கடையில் உங்கள் கையில் வெறும் மண் கிண்ணமும் நேற்றைய ரொட்டியும் தருவார்கள். ரொட்டியை நீங்களே பிய்த்துப் போட வேண்டும், சின்னச் சின்னதாக. பெரிதாகப் பிய்த்தால் ஊறாது. கிண்ணத்தை நீட்டினால் கொதிக்கும் கடலையும் சாறும் ஊற்றி, சீரகத் தூள், ஹரீஸா, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய், வேண்டுமானால் அரைவேக்காட்டு முட்டை. இரண்டு கரண்டியால் அடியிலிருந்து புரட்டிக் கலக்கிச் சாப்பிடுங்கள். அன்று மதியச் சாப்பாடு தேவைப்படாது.

மற்றபடி, மெல்லிய மாவுத்தாளுக்குள் முட்டையை உடைத்துப் பொரிக்கும் பிரிக். பொரித்த குட்டி பன்னுக்குள் உருளைக்கிழங்கும் ஹரீஸாவும் அடைத்த ஃபிரிகாஸே. பலகையில் "சப்பாத்தி" என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஆவலோடு போகாதீர்கள். அங்கே அது தட்டையான ரொட்டிக்குள் முட்டை, சீஸ், சூரை வைத்த சாண்ட்விச்.

கோடையில் போனால் மாலையில் மஷ்மூம் விற்பவர்கள் வருவார்கள். மல்லிகை மொட்டுகளை ஒவ்வொன்றாகக் காய்ந்த புல் ஈர்க்கில் செருகி நூலால் கட்டிய குட்டிச் செண்டு. ஆண்கள் அதைக் காதில் செருகிக்கொண்டு நடப்பார்கள். வாங்குங்கள், இரவு முழுக்க அறை மணக்கும்.

வாங்குவதும் திரும்புவதும்

பேரம் பேசுவது மெதினாவில் முறைதான், ஆனால் வாங்கும் எண்ணம் இல்லாமல் விலையைத் தொடாதீர்கள். நீங்கள் சொன்ன விலைக்கு அவர் இறங்கி வந்துவிட்டால் வாங்கிவிட வேண்டும், அதுதான் மரியாதை. கைநெசவுக் கம்பளம் என்றால் பின்புறம் அரசுக் கைவினை அலுவலகத்தின் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஃபூத்தா துண்டு, ஆலிவ் மரக் கரண்டி, நாபுல் பீங்கான் எல்லாம் சுமக்க எளிது. ஹரீஸாவையும் ஆலிவ் எண்ணெயையும் சுற்றுலாக் கடையில் வாங்காமல் மத்தியச் சந்தையிலோ சாதாரண மளிகைக் கடையிலோ வாங்குங்கள், விலை பாதிதான். இரண்டையும் இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி, அனுப்பும் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் வைத்தால் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள்.

காலை விமானம் என்றால் டாக்சியை முந்தின இரவே விடுதியில் சொல்லி வையுங்கள். மெதினா வாசலுக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டு நடக்க ஒரு கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். மிச்சத் தினாரைப் பாதுகாப்புச் சோதனைக்கு முன்னாலேயே வங்கிக் கவுன்டரில், ரசீதைக் காட்டி மாற்றிவிடுங்கள்.